பழைய திருமண டிவிடியும் புதிய கைபேசி வீடியோவும்: வீட்டுக் கணினிக்கு எந்த பிளேயர், என்ன அமைப்பு?

கேள்வி: குடந்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஊழியன். கணினி எனக்குப் புதியதன்று, ஆனால் அதன் உட்கூறுகளை முறையாகப் படித்தவனும் அல்லன். வீட்டில் இருப்பது 2014-இல் வாங்கிய கணினி. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறைச் செயலி, 8 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது, விண்டோஸ் 10. அதை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கூடத்தில் உள்ள 40 அங்குல டிவியில் இணைத்திருக்கிறேன். டிவியின் அளவு 1920×1080.

நான் பார்க்க விரும்புவன இரண்டு வகை. முதலாவது, 2005-இல் நடந்த என் மகளின் திருமணம். மினி டிவி (MiniDV) எனும் கேமரா நாடாக் கேசட்டில் எடுத்து, மூன்று டிவிடிகளாகக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் அவற்றையே எம்பி4 கோப்புகளாகவும் மாற்றிப் பென் டிரைவில் தந்தார். இரண்டாவது, மன்னார்குடி அரித்திரா நதி என்னும் கோயில் குளத்துத் தெப்பத்தை என் பேரன் கைபேசியில் எடுத்த வீடியோ.

சிக்கல்கள் இவை. திருமண வீடியோவில் ஆட்கள் அசையாமல் இருக்கும்போது படம் நன்றாக இருக்கிறது. தவில்காரரின் கை அசைந்தாலோ, மணமேடையைச் சுற்றி வருகையில் புடவைத் தலைப்பு ஆடினாலோ, விளிம்புகள் சீப்புப் பல்லைப் போலக் கோடு கோடாகப் பிரிகின்றன. தெப்ப வீடியோவோ இரண்டு நொடி ஓடி, நின்று, தாவி ஓடுகிறது. ஒலி மட்டும் தடையின்றி வருகிறது. மூன்றாவதாக, டிவியில் எல்லாமே வெளுத்துத் தெரிகின்றன, இரவு வானம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூசியது போல் இருக்கிறது.

விஎல்சி என்ற பிளேயர் வைத்திருக்கிறேன். கடைக்காரர் ஒருவர் கோடெக் பேக் (பலவகை வீடியோக்களை விரிக்கும் மென்பொருள் தொகுப்பு) ஒன்றை நிறுவச் சொன்னார், மற்றொருவர் கணினியையே மாற்றச் சொன்னார். எந்த பிளேயர் நல்லது, அதில் ரெண்டரர் என்ற இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.


பதில் 1: மாயவரம் ஸ்டுடியோக்காரன்

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமண வீடியோத் தொழிலில் இருப்பவன் என்பதால் முதல் சிக்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் பிளேயரின் மீதும் குற்றமில்லை, கணினியின் மீதும் குற்றமில்லை.

அந்தக் காலத்துக் கேமராக்கள் எங்கள் தொழிலில் இன்டர்லேஸ் என்று சொல்லும் முறையில் பதிவு செய்தன. நம் நாட்டில் பின்பற்றப்பட்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், ஒரு ஃப்ரேம் 720×576 புள்ளிகள் கொண்டது, நொடிக்கு 25 ஃப்ரேம்கள். ஆனால் அந்த ஃப்ரேம் ஒரே கணத்தில் எடுக்கப்பட்ட படமன்று. ஒற்றைப்படை வரிகள் 288 ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் 288 ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்தும் எடுக்கப்பட்டு, இரண்டும் ஒன்றாகப் பின்னப்பட்டவை. இந்த ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். பழைய குழாய் டிவி, ஃபீல்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே திரையில் வரைந்ததால் நமக்குக் குறை தெரியவில்லை. இன்றைய தட்டைத் திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அந்த இடைவெளியில் தவில்காரரின் கை நான்கு விரற்கடை நகர்ந்திருக்கும் அல்லவா? அந்த நகர்வுதான் உங்கள் கண்ணுக்குச் சீப்புப் பல்லாகத் தெரிகிறது. அசையாத முகத்தில் இரு ஃபீல்டுகளும் ஒத்திருப்பதால் அங்கே கோடு இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியது டீஇன்டர்லேஸ், அதாவது பின்னிய ஃபீல்டுகளைப் பிரித்து முழுப் படங்களாக்குவது. விஎல்சியில் கருவிகள் பட்டியலில் விருப்பங்களைத் திறந்து, வீடியோப் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கி, முறையாக ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் யாடிஃப் எடுத்தால் நொடிக்கு 25 படங்களே கிடைக்கும். 2எக்ஸ் ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக வளர்த்து 50 படங்களைத் தருவதால், கேசட்டில் நாம் பார்த்த அந்த வழுக்கலான அசைவு திரும்பி வரும். ‘பிளெண்ட்’ என்ற முறையைத் தொடாதீர்கள், அது இரு ஃபீல்டுகளையும் கலந்து ஒவ்வொரு கைக்கும் ஓர் ஆவியை உண்டாக்கிவிடும். டிவிடியில் இருப்பது எம்பெக்-2 வீடியோ, நொடிக்கு ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள்தாம், உங்கள் செயலிக்கு அது தூக்கத்தில் செய்யும் வேலை. ஆகவே டிவிடி பார்க்கும்போது வன்பொருள் உதவியை (வீடியோவை விரிக்கும் தனிச் சுற்றை) அணைத்தே வைக்கலாம். அப்போது யாடிஃப் குறுக்கீடின்றி வேலை செய்யும்.

ஒன்றைச் சரிபாருங்கள். கை வேகமாக அசையும் இடத்தில் நிறுத்தி, ‘ஈ’ விசையை அழுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். கை முன்னே சென்று, பின்னே வந்து, மீண்டும் முன்னே சென்றால் ஃபீல்டுகளின் வரிசை தலைகீழாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மினி டிவி கேசட் கீழ் ஃபீல்டை முதலில் வைக்கும், டிவிடி தயாரிக்கும்போது சிலர் அதைக் கவனிக்காமல் மேல் ஃபீல்டு முதலில் என்று எழுதிவிடுவதுண்டு. எங்கள் தொழிலில் அது அபூர்வமான பிழையன்று, நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன்.

அந்த எம்பி4 கோப்புகள் எனக்கு ஐயத்தைத் தருகின்றன. அவற்றின் அளவு என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.


பதில் 2: வெண்ணாற்றங்கரை

விஎல்சியைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் போதும். மற்றவை எல்லாம் வீண் வேலை. கோடெக் பேக் வேண்டவே வேண்டாம். விஎல்சி, சுருக்கிய வீடியோவை விரிக்கத் தனக்கு வேண்டிய டீகோடர்களைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது.


பதில் 3: தஞ்சை கணினி ஆசிரியை

கோடெக் பேக் வேண்டாம் என்பதில் முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். மற்றவை வீண் வேலை என்பதில் உடன்பட இயலவில்லை, ஏனெனில் ஐயா கேட்டிருக்கும் மூன்று சிக்கல்களுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் உள்ளன, புதிய பதிப்பு அவற்றில் ஒன்றையும் தானாகத் தீர்க்காது.

ஐயா, ஒரு வீடியோ உங்கள் கண்ணை அடையுமுன் கணினிக்குள் இரண்டு பெரிய வேலைகள் நடக்கின்றன. சுருக்கி வைக்கப்பட்ட கோப்பை விரித்துப் படங்களாக்குவது டீகோடிங். அந்தப் படங்களைத் திரையின் அளவுக்கு நீட்டி அல்லது குறுக்கி, நிறங்களைத் திரைக்கேற்ற வடிவில் மாற்றி, உரிய கணத்தில் திரைக்கு அனுப்புவது ரெண்டரிங். தாவித் தாவி ஓடுவது பெரும்பாலும் முதல் வேலையின் குறை, நிறமும் கூர்மையும் பெரும்பாலும் இரண்டாவதன் குறை. எனவே தெப்ப வீடியோவுக்கு ரெண்டரரை எத்தனை முறை மாற்றினாலும் பயனிருக்காது என்று அஞ்சுகிறேன்.

அந்தக் கோப்பை விஎல்சியில் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் ‘ஜே’ விசையை அழுத்தினால் கோடெக் விவரம் தெரியும். அங்கே எச்.இ.வி.சி அல்லது எச்.265 (இரண்டும் ஒரே சுருக்க முறையின் பெயர்கள்) என்று இருக்கும் என்று ஊகிக்கிறேன். உங்கள் நான்காம் தலைமுறைச் செயலியில் எச்.264 வீடியோவை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது, எச்.265-க்கு அப்படி முழுமையான சுற்று இல்லை. இன்டெல் அதை 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் சேர்த்தது, நிறத்துக்குக் கூடுதல் படிகள் உள்ள 10 பிட் எச்.265-க்கு ஏழாம் தலைமுறை வேண்டும். தனிச் சுற்று இல்லாதபோது செயலியின் இரண்டு கோர்களும் மென்பொருள் வழியாக அந்த வேலையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கைபேசியில் 4கே, நொடிக்கு 60 படங்கள் என்று எடுத்திருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகள். திருமண டிவிடியின் சுமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கோர்கள் திணறுவதில் வியப்பில்லை. ஒலி தடையின்றி வருவதற்கும் இதுவே விளக்கம். ஒலியை விரிப்பது எளிது, ஆகவே பிளேயர் ஒலியைத் தொடர விட்டு, நேரத்தில் வந்து சேராத படங்களைக் கைவிடுகிறது. அதே சாளரத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில், இழந்த படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதை நீங்களே காணலாம்.

மேலும் உங்கள் டிவி 1920×1080 தான். 4கே படத்தின் நான்கு புள்ளிகளை விரித்து, அவற்றை ஒன்றாகக் குறுக்கியே அதில் காட்டுகிறீர்கள். அரும்பாடுபட்டு விரித்ததில் நான்கில் மூன்று பங்கு திரையை அடைவதே இல்லை. எனவே இனி எடுப்பவற்றை 1080 அளவில், எச்.264 முறையில் எடுக்குமாறு பேரனிடம் சொல்லுங்கள். ஐஃபோன் என்றால் கேமரா அமைப்பின் ஃபார்மட்ஸ் பகுதியில் அதிகப் பொருத்தமுடையது என்ற தேர்வு எச்.264 முறையைத் தருகிறது. ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் 1080 அளவுள்ள எச்.264 கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். மாற்றிய கோப்பைப் பார்க்கும்போது, உள்ளீடு மற்றும் கோடெக்குகள் என்ற பகுதியில் வன்பொருள் வழி டீகோடிங் தானியங்கியாக இருக்கட்டும்.

கணினியை மாற்றச் சொன்ன கடைக்காரருக்கு ஒரு வார்த்தை: மாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. என்விடியா ஜிடி 1030 போன்ற சிறிய அட்டை 10 பிட் எச்.265-ஐயும் தன் சுற்றிலேயே விரிக்கும், சுமார் 30 வாட் மின்சாரமே எடுக்கும், பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பும் கேட்காது. ஆனால் ஒரு தெப்ப வீடியோவுக்காக அதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.


பதில் 4: மன்னை வாசகர்

எங்கள் ஊர்த் தெப்பம் என்பதால் இதில் தலையிட எனக்கு உரிமை இருக்கிறது. மேலே உள்ளோர் விஎல்சியை விட்டு நகரவில்லை. பல ஆண்டுகளாக நான் எம்பிசி-எச்சி என்ற பிளேயரைப் பயன்படுத்துகிறேன். அதன் மூல அணி 2017-இல் பணியை நிறுத்திவிட்டது என்பது உண்மை, ஆனால் வேறொருவர் அதைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார், அந்தப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அதோடு மேட்விஆர் என்ற ரெண்டரரை இணைத்தால் பழைய டிவிடியை 1080 திரைக்கு வளர்ப்பதில் விஎல்சி கிட்டவே வர முடியாது.

வெளுத்த நிறத்துக்கு வருகிறேன். வீடியோவில் ஒளியளவு 16 முதல் 235 வரை எழுதப்படுகிறது, 16 என்பதே கறுப்பு. கணினித் திரையோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. வழியில் யாரேனும் ஒருவர், ஒரே ஒருமுறை, இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். ஒருவரும் செய்யாவிட்டால் 16 என்பது கறுப்பாகாமல் சாம்பலாகவே நிற்கும், இருவர் செய்துவிட்டால் நிழலுக்குள் இருக்கும் விவரமெல்லாம் மையாகிவிடும். யார் தவறுகிறார்கள் என்று கண்டறிய எளிய வழி உண்டு. பிளேயரை மூடிவிட்டு டெஸ்க்டாப்பில் ஒரு முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால், தவறு கணினிக்கும் டிவிக்கும் இடையே. இன்டெல் கிராஃபிக்ஸ் அமைப்பில் குவான்டைசேஷன் ரேஞ்ச் என்பதை முழு அளவுக்கு மாற்றுங்கள், அல்லது டிவியில் கறுப்பு அளவு என்ற அமைப்பைக் கணினிக்கு ஒத்துப்போகச் செய்யுங்கள், இரண்டில் ஒன்றை மட்டும். டெஸ்க்டாப் சரியாக இருந்து வீடியோ மட்டும் வெளுத்தால், பிளேயரிலோ கிராஃபிக்ஸ் அமைப்பின் வீடியோப் பகுதியிலோ தேட வேண்டும்.


பதில் 5: தஞ்சை கணினி ஆசிரியை

நிறத்தைப் பற்றிய விளக்கம் மிகச் சரி, நான் எழுத நினைத்ததைவிடத் தெளிவாக இருக்கிறது. மேட்விஆர் பற்றி மட்டும் மறுப்பு. அது தனி கிராஃபிக்ஸ் அட்டையை எதிர்பார்த்து எழுதப்பட்டது. ஐயாவின் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் அதன் உயர்ந்த அமைப்புகளை இயக்கினால், இப்போது ஓடும் டிவிடியும் தெப்ப வீடியோவைப் போல் நிற்கத் தொடங்கிவிடும்.

விஎல்சியைத் தாண்டி ஒன்று வேண்டுமென்றால் எம்பிவி என்ற பிளேயரைச் சொல்வேன். அதில் பட்டியல்களும் பொத்தான்களும் மிகக் குறைவு, முதல் நாள் சற்றே மிரட்டும். ஆனால் கோப்பை இழுத்து அதன் மேல் போட்டால் ஓடும். ‘டி’ (D) விசை டீஇன்டர்லேஸை இயக்கி அணைக்கிறது, ‘ஐ’ விசை டீகோடரின் பெயரையும் இழந்த படங்களின் எண்ணிக்கையையும் திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. தரத்தை முன்னிறுத்தும் அமைப்புத் தொகுப்பு ஒன்றும், வேகத்தை முன்னிறுத்தும் தொகுப்பு ஒன்றும் ஆயத்தமாக இருப்பதால், ஒவ்வொரு எண்ணாகத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 576 வரிகளை 1080 வரிகளாக வளர்ப்பதற்கு லான்க்சோஸ், ஸ்ப்லைன் போன்ற முறைகளை அதில் தேர்ந்தெடுக்கலாம். விளிம்புகள் சற்றுத் துலக்கமாகும், ஆனால் கேமரா பதிவு செய்யாத நகையின் வேலைப்பாடு எந்த முறையிலும் வந்துவிடாது.

இன்னொன்று. விண்டோஸின் திரை அமைப்பில் உங்கள் டிவி 60 ஹெர்ட்சில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் நிலையில், இருக்கும். நொடிக்கு 50 படங்களை 60 இடங்களில் நிரப்ப, ஐந்துக்கு ஒரு படத்தை இருமுறை காட்டியாக வேண்டும். ஊர்வலத்தைக் கேமரா மெதுவாகத் தொடரும் காட்சிகளில் இது ஒரு சிறு இடறலாகத் தெரியும். திருமண வீடியோ பார்க்கும் அன்று மட்டும் மேம்பட்ட திரை அமைப்புக்குச் சென்று 50 ஹெர்ட்சைத் தேர்ந்தெடுங்கள். இங்கே விற்கும் டிவிகள் பெரும்பாலும் ஏற்கும். நம் வீட்டு மின்சாரமும் பழைய ஒளிபரப்பும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நமக்கு வாய்த்த எண் அது. கைபேசி வீடியோவுக்கு மறுபடி 60-க்கு வந்துவிடுங்கள்.


குடந்தைவாசி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாள்கள் பொறுமையாகச் செய்து பார்த்த பின் எழுதுகிறேன்.

டிவிடி முற்றிலும் சரியாகிவிட்டது. யாடிஃப் 2எக்ஸ் வைத்து, டிவியை 50 ஹெர்ட்சுக்கு மாற்றி, கெட்டிமேளம் கொட்டும் காட்சியைப் பார்த்தபோது, என் மனைவி அது வேறு கேசட்டா என்று கேட்டார். ஃபீல்டு வரிசையும் நேராகவே இருக்கிறது. கறுப்புப் படச் சோதனையில் டெஸ்க்டாப்பே வெளுத்திருப்பது தெரிந்தது, இன்டெல் அமைப்பை மாற்றியதும் அரக்குப் பட்டு அரக்காகவே தெரிகிறது.

தெப்ப வீடியோ, ஆசிரியை அம்மா ஊகித்தது போலவே எச்.இ.வி.சி, 3840×2160, நொடிக்கு 60 படங்கள், 8 பிட். ஹேண்ட்பிரேக்கில் மாற்றக் கொடுத்தேன். பதினொரு நிமிட வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று, இடையில் மின்சாரம் போகாதது என் நல்வினை. இப்போது ஒரு படமும் இழக்காமல் ஓடுகிறது. ஆனால் விளக்கொளி குளத்து நீரில் மங்கி இருளில் கலக்கும் இடங்களில், நிறம் படிப்படியாகக் குறையாமல் வரப்பு வரப்பாகப் பிரிந்து தெரிகிறது.

எம்பி4 கோப்புகளின் அளவு 640×480. அவற்றில் எந்த டீஇன்டர்லேஸ் முறையை வைத்தாலும் கோடுகள் போகவில்லை, முன்பைவிடத் தடித்து அலையாகத் தெரிகின்றன. மேலும் இரண்டாவது டிவிடி நாற்பது நிமிடத்துக்குப் பிறகு படிக்க மறுக்கிறது. அந்தப் பகுதி எம்பி4-இல் மட்டுமே இருக்கிறது.


பதில் 6: தஞ்சை கணினி ஆசிரியை

வரப்புகளுக்குப் பேண்டிங் என்று பெயர். 8 பிட் வீடியோவில் இருண்ட நிறங்களுக்குக் கிடைக்கும் படிகள் மிகக் குறைவு, சுருக்கும்போது அவற்றிலும் சில அழிந்துவிடுகின்றன. அந்தக் கோப்பை எம்பிவி-யில் திறந்து ‘பி’ (B) விசையை அழுத்திப் பாருங்கள், படிகளின் எல்லையை மழுக்கி நுண்ணிய மணலைத் தூவியது போல் மறைக்கும் வசதி அது. ஹேண்ட்பிரேக்கில் மீண்டும் மாற்றுவதாக இருந்தால், தர எண்ணை இரண்டு படி குறைத்து வையுங்கள். அங்கே எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும்.


பதில் 7: மாயவரம் ஸ்டுடியோக்காரன்

நான் ஐயப்பட்டதுதான் நடந்திருக்கிறது ஐயா. இரு ஃபீல்டுகளையும் பிரிக்காமலேயே 576 வரிகளை 480 வரிகளாக நசுக்கியிருக்கிறார்கள். ஒற்றைப்படை வரியும் இரட்டைப்படை வரியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, அரைத்த மாவில் அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாகப் பொறுக்க முடியாததைப் போல, இனி எந்த பிளேயராலும் அவற்றைப் பிரிக்க இயலாது. அந்த எம்பி4 கோப்புகளை வேறு வழியில்லாத பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் டிவிடிகளை இன்றே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற கோப்புறையை அப்படியே எடுக்க வேண்டும், வேறு வடிவத்துக்கு மாற்றக் கூடாது. இரண்டாவது தட்டை வேறொரு பழைய டிவிடி டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒரு டிரைவ் மறுப்பதை மற்றொன்று படிப்பதுண்டு.

மினி டிவி கேசட்டுகள் வீட்டில் எங்கேனும் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அவற்றிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக மணிக்குச் சுமார் 13 ஜிபி அளவில் பதிவு மாறாமல் எடுத்துவிடலாம், டிவிடியைவிட அது மேலாகவே இருக்கும். ஆனால் கிடைத்தவுடன் கேமராவில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும், அதோடு ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், நாடாவும் கிழியும். கேசட்டின் கண்ணாடிப் பகுதி வழியே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.


குடந்தைவாசி

பரணில் இரண்டு கேசட்டுகள் கிடைத்தன. ஒன்றின் விளிம்பில் வெண்மை தெரிகிறது. மற்றது சுத்தமாக இருக்கிறது, அதன் மேல் ‘மாப்பிள்ளை அழைப்பு’ என்று எழுதியிருக்கிறது. எதையும் ஓட்டவில்லை.